யோசிப்பதற்கு ஓர் ஒத்திகை

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய காலத்தை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

தெரியாத சொல் வந்தால் அகராதியைத் தேடாமல், முன்னும் பின்னும் உள்ள வரிகளை வைத்து அர்த்தத்தை யூகிக்க வேண்டும். முதலாண்டு மாணவர்களுக்கு அதுதான் பாடம். அந்த வகுப்பைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. துறைத்தலைவர் ஒரு வாரம் முன்பே பத்துச் சொற்களையும் அவற்றின் அர்த்தங்களையும் என்னிடம் கொடுத்துவிட்டார். எந்தச் சொல்லை யார் 'யூகிப்பது' என்றுகூடக் குறித்திருந்தார்.

"உடனே சொல்லிடக் கூடாது மேடம். கொஞ்சம் யோசிக்கிற மாதிரி பசங்களை நடிக்கச் சொல்லுங்க."

சொன்னேன். மூன்று நாள் ஒத்திகையும் பார்த்தேன், நெற்றியைச் சுருக்குவது உட்பட.

குழு வந்த அன்று பத்தும் பிசகாமல் வந்தன. போதாதென்று குழுவில் மூத்தவர் பட்டியலில் இல்லாத ஒரு சொல்லைக் கேட்டார்: கிரைமி (grimy). வேலை முடிந்து வந்த ஒருவன், தன் கிரைமியான கைகளை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்கினான் என்று போகும் அந்த வாக்கியம்.

முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "குற்றம் செஞ்ச கை சார். கிரைம்..." என்றான். குழுவினர் சிரித்தார்கள்.

அப்போது அம்பத்தூரிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்தாள். அவள் அப்பா அங்கே தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். அவளுக்கு ஆங்கிலம் திக்கும் என்பதால் பத்தில் ஒரு சொல்லைக்கூட நான் கொடுத்திருக்கவில்லை.

"எங்கப்பா கையி அப்டித்தான் கீது சார். ஆயிலு, கரி எல்லாம் அப்பிக்கினு... எத்தினி வாட்டி கழுவுனாலும் போவாது. அழுக்கேறுன கை சார்."

அந்த ஒரு மணி நேரத்தில் யாராவது நிஜமாக யூகித்தார்கள் என்றால் அவள் மட்டும்தான். யூகம் சரியும்கூட. கேள்வி கேட்ட மூத்தவரோ முகத்தைச் சுளித்தார்.

"இங்கிலீஷ் கிளாஸ்ல இது என்ன பாஷை?"

துறைத்தலைவர் என்னை முறைத்தார். நான் முன்னால் வந்தேன்.

"சாரி சார். அந்தப் பொண்ணை நாங்க தயார் பண்ணலை."

அவள் மெல்ல உட்கார்ந்தாள்.

மற்றவர்களைத் தயார் பண்ணியிருந்தோம் என்று நானே ஒப்புக்கொண்டது குழுவில் யாரையும் உறுத்தவில்லை. எங்களைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். துறைத்தலைவர் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். தின்னவும் தின்றேன்.

மறுவாரம் புதுப் பாடத்தில் ஒரு சொல்லைக் காட்டி, வேண்டுமென்றே அவளிடம் கேட்டேன். "நீ சொல்லும்மா, என்னவா இருக்கும்?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மீனிங் சொல்லுங்க மேடம், எழுதிக்கிறேன்."

அந்த இடத்திலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். திரும்பி, போர்டில் அர்த்தத்தை எழுதினேன்.