பாவு போல முறுக்கிய கிளட்ச்

காலையில் நான் வண்டியைத் தொட்டாலே அம்மா ஏன் சத்தம் போடுகிறாள் என்று நீங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அவளிடம் கேட்டால் சிரித்துச் சிரித்துப் பாதியில் விட்டுவிடுவாள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

அன்றைக்குக் கோச்சடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. பத்து மணிக்கு. படிப்பை முடித்து, உங்களை வளர்த்து, ஆறு வருடம் கழித்து வந்த முதல் அழைப்பு. தாமதமாக வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று கடிதத்திலேயே போட்டிருந்தது. அவள் பாட்டுக்குப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை.

நம் பைக் என் கைக்கு வரும்போதே கிழடு. கிளட்சை முழுதாகப் பிடித்திருந்தாலும், முதல் கியர் போட்டதும் குதித்து நின்றுவிடும். வழியில் அப்படி நின்றால்? செல்லூரில் நம் வீட்டு வாசலிலேயே, கைப்பிடியில் கிளட்ச் ஒயர் நுழையும் இடத்திலுள்ள திருகைத் திருப்பினேன். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கிளட்ச் பிடியைத் தொட்டால், ஒயர் இழுபடுவதற்கு முன்னால் நகம் நுழையும் அளவுக்குச் சும்மா ஆடியது. எனக்கு அது பொறுக்கவில்லை. இருபது வருடமாக விசைத்தறி ஓட்டுகிறவன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் கொஞ்சம் தொய்ந்தாலும் இழை சிக்கித் துணி கெட்டுவிடும். தொய்வைக் கண்டால் என் கை தானாக இறுக்கும். ஆட்டம் அறவே போகும்வரை திருகி, குறடு வைத்து நட்டையும் முறுக்கிவிட்டேன்.

கோரிப்பாளையம் வரை வண்டி நன்றாகத்தான் வந்தது. சிக்னல் நெரிசலில் நின்று நின்று நகர்ந்து, ஆற்றுப் பாலத்து மேட்டில் ஏறும்போது இஞ்சின் கத்தியது, வண்டி ஊர்ந்தது. கருகல் நாற்றம் வேறு.

"என்னங்க, சத்தம்தான் போகுது. நாம போகலையே?"

"கொஞ்சம் பொறு."

பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "அண்ணே, அக்காவ இறக்கி விடுங்க. நடந்தே உங்கள முந்திருவாக."

ஓரம் கட்டினேன். மணி ஒன்பது நாற்பது. 

"காலையில என்னத்தப் பண்ணுனீங்க?" என்றாள் உங்கள் அம்மா.

"லூசா இருந்துச்சு. இறுக்குனேன்."

"எம்புட்டு?"

"ஆட்டமே இல்லாம."

அவள் கிளட்ச் பிடியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "பாவுன்னு நெனச்சீங்களா? வண்டியில என்ன, சேலையா நெய்யப் போறீங்க?"

அப்போதுதான் உறைத்தது. ஒயரில் தொய்வே இல்லையென்றால், கையை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி பிடித்தபடியே இருக்கும். உள்ளே தகடுகள் ஒட்டாமல் வழுக்கும். இஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சக்கரத்துக்குப் பலம் போய்ச் சேராது.

நட்டு விரலுக்கு அசையவில்லை. குறடு வீட்டில் கிடந்தது. எங்களுக்காக ஓரம் கட்டியிருந்த ஆட்டோக்காரர் தன்னுடையதை நீட்டினார். "தாரேன், ஆனா திருப்பிக் குடுத்துட்டுத்தான் போகணும்" என்று சிரித்தார். திருகைத் தளர்த்தினேன். நகம் நுழைந்ததும் நிறுத்தி, குறடைத் திருப்பிக் கொடுத்தேன்.

"தகடு இன்னும் சூடா இருக்கு. மேட்டுல ரெண்டு பேரை இழுக்காது," என்றேன்.

"அப்ப நான் நடக்குறேன். நீங்க மேல வாங்க."

ஃபைலை மாரோடு அணைத்துக்கொண்டு, கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி அவள் மேட்டில் விறுவிறுவென்று ஏறினாள். நான் வெறும் வண்டியோடு பின்னால் போனேன். ஆட்டோக்காரர் சொன்னதுதான் நடந்தது. மேலே அவள்தான் முதலில் போய் நின்றாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கும்போது இரண்டு நிமிடம்தான் மிச்சம். "புடவையில கருகுன வாசம் இருக்கா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். இருந்தது.

அவள் உள்ளே போனபின் வேப்பமரத்தடியில் நின்றேன், நடந்தேன், மறுபடி நின்றேன். வாசம் தெரிந்து ஏதாவது கேட்டிருப்பார்களோ? மூச்சு வாங்கியதில் பதில் மறந்திருப்பாளோ? ஒவ்வொரு முறை வண்டிப் பக்கம் வரும்போதும் கை அந்தத் திருகுக்கே போனது. ஒரு சுற்று, அரைச் சுற்று, சும்மா பார்ப்போம் என்று. கையை எடுத்துச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டேன். மறுபடியும் போனது.

மதியம் அவள் வெளியே வந்தபோதும் என் விரல் அதன் மேல்தான் இருந்தது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் நேரே வந்து என் கையைத் தட்டிவிட்டாள்.

"அத விடுங்க. திங்கக்கிழமையில இருந்து தினமும் இதுலதான் வரணும்."