நாற்காலியில் வைத்த பிரார்த்தனை

கடவுளை வணங்கித் தொடங்கும் அரசு விழாக்களில், கடவுளைத் தவிர மற்ற எல்லோரையும் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் தொழில். புனேயில் ஒரு விழா ஏற்பாட்டு நிறுவனத்தில் நான் பார்ப்பது சர்வமதப் பிரார்த்தனை மேஜை, அதாவது அந்தப் பிரிவு. நூலகத் திறப்போ நகராட்சிக் கூட்டமோ, ஆறு மதங்களிலிருந்தும் ஒவ்வொருவரை அழைத்து, ஆளுக்கு இரண்டு நிமிடம் மேடையில் பிரார்த்திக்க வைத்து, பத்திரமாக வீட்டில் விட வேண்டும். வாடிக்கையாளருக்கும் மேனேஜருக்கும் நடுவில் நின்று வியர்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கீழே உள்ள முதல் சம்பவத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இதே மேஜையில் இருந்த ரூபாலி சொன்னது. கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மாலை

யூதர்கள் சார்பில் வழக்கமாக வருபவர் பெஞ்சமின் சார். அவர்களுடைய ஜெப ஆலயத்தில் முன்னால் நின்று ஓதுபவர் அவர்தான். மற்ற நேரத்தில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. வீட்டில் பேசுவது மராத்தி. முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொங்கணக் கரையில் இருந்தவர்கள்.

ரூபாலி அவரை ஒரு வெள்ளிக்கிழமை நான்கு மணி விழாவுக்கு அழைத்திருக்கிறாள். மந்திரி வரவில்லை. ஐந்தாயிற்று, ஐந்தரையும் ஆயிற்று. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதன்பின் அவர் மைக்கைத் தொடமாட்டார், வண்டியில் ஏறமாட்டார். பெஞ்சமின் சார் கைக்கடிகாரத்தைப் பார்க்கவேயில்லையாம், ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். திடீரென்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ரூபாலி வாசல் வரை பின்னாலேயே ஓடி, "மந்திரி கிளம்பிட்டாராம் சார், பத்தே நிமிஷம்" என்றிருக்கிறாள். அவர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து சொன்னது: "மந்திரி லேட்டுன்னு நாலு தடவை வந்து சொன்னீங்க. சூரியன் லேட்டுன்னு ஒருத்தரும் சொல்லலையே, மேடம்!"

முன் அனுமதி

நான் சேர்ந்து ஐந்தாவது மாதம், புனேயை ஒட்டிய ஒரு சிறிய ஊரின் நகராட்சிக்குப் புதிய சபைக் கட்டடம் திறக்கும் வேலை வந்தது. விழா அடுத்த மாதம், செவ்வாய்க்கிழமை. எனக்கு உயிர் வந்தது. ஆனால் ஓதப்போவது என்ன என்பதை முன்கூட்டியே எழுத்தில் தரவேண்டும் என்றார்கள். பெஞ்சமின் சார் தன் பிரார்த்தனைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். எபிரேய எழுத்து, கீழே மராத்தியில் பொருள். நாட்டை ஆள்பவர்களுக்காக அவர்கள் ஜெப ஆலயத்தில் காலம் காலமாகச் சொல்லிவருவது.

நகராட்சி குமாஸ்தா ஒரு வரியில் விரலை வைத்தார். ஆள்பவர்களின் மனத்தில் கடவுள் இரக்கத்தை வைக்கட்டும் என்று இருந்தது. "இப்ப இரக்கம் இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கே? தலைவர் பார்த்தா என்ன ஆகும்?" என்றார். அங்கேயே நின்று பெஞ்சமின் சாருக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, குமாஸ்தா சொன்னதைச் சொன்னேன். அவர் குரல் வந்தது: "எத்தனையோ ராஜாக்களுக்கு எங்க ஆளுங்க இதைத்தான் சொல்லியிருக்காங்க, அண்ணே. ஆட்சேபணைன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

வீட்டில்

எங்கள் வீட்டில் டிகிரி வாங்கியது நான்தான் முதல். அப்பா கசார்வாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். என் வேலை என்ன என்று அவருக்கு விளக்க நான்கு முறை முயன்றிருக்கிறேன். ஆறு மாதம் சோதனைக் காலம், அதன்பிறகுதான் நிரந்தரம் என்பது மட்டும் நன்றாகப் பதிந்துவிட்டது. அந்தச் சபைத் திறப்பு ஆறாவது மாதத்தின் கடைசி வாரத்தில் வந்தது. "இதுல சொதப்பினா அவ்வளவுதான்" என்று எங்கள் மேனேஜர் மானசி மேடம் சொன்னதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் முதல் நாள் ராத்திரி நான் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததை அப்பா கவனித்துவிட்டார்.

"ஆறு சாமியையும் நீதான் கூட்டிட்டு வர்ற. உனக்கு ஒரு வார்த்தை சிபாரிசு பண்ண அதுல ஒரு சாமி கூடவாம்மா இல்ல?"

முந்நூறு தாள்

ஒவ்வொரு நாற்காலியிலும் நிகழ்ச்சி நிரல் வைப்பது வழக்கம். இந்தமுறை பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் ஆறு பிரார்த்தனைகளிலிருந்தும் சில வரிகள் போட்டேன். எபிரேயத்தைத் தட்டச்சு செய்தால் தப்பு வரும் என்று பயந்து, பெஞ்சமின் சார் அனுப்பிய படத்தையே அப்படியே வைத்தேன். மூன்று முறை சரிபார்த்தேன். அவரிடம் மட்டும் கேட்கவில்லை. அவர் அனுப்பிய படம்தானே!

விழா அன்று முக்கால்வாசி மண்டபம் நிறைந்தபிறகு அவர் வந்தார். வாசலருகே தரையில் ஒரு தாள் கிடந்தது. குனிந்து எடுத்தவர் அதை உதட்டில் ஒற்றிக்கொண்டார். பிறகு மண்டபத்தைப் பார்த்தார். முக்கால்வாசிப் பேர் தாளை எடுக்காமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். சிலர் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வடாபாவை அதில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். "யார் அச்சடிச்சது?" என்றார். நான்தான் என்றேன். அவர் விரல் நான்கு எழுத்துகளின் பக்கத்தில் நின்றது, அவற்றைத் தொடவில்லை. "இது கடவுளோட பேரு. நாங்க வாய்விட்டுக்கூடச் சொல்றதில்ல. இந்தத் தாளைக் குப்பையில போடக்கூடாது, கீழே போடக்கூடாது." அவர் குரலை உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எனக்கு உன்மேல கோபமில்ல. ஆனா இதுமேல ஆளுங்க உட்கார்ந்திருக்கும்போது என்னால வாயைத் திறக்க முடியாது."

நானும் உடன் வேலை செய்யும் இரண்டு பேரும் வரிசை வரிசையாக நுழைந்தோம். "மன்னிக்கணும், அந்தத் தாள்... கொஞ்சம் எழுந்திருக்க முடியுமா?" பாதிப் பேர் நகரவே இல்லை. நகர்ந்தவர்களிலும் ஒரு அம்மாள் தாளை என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலிருந்தவளிடம் மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள்: "குடுக்கறதும் இவங்கதான், பாதியில நிறுத்தறதும் இவங்கதான். நம்ம தெருக் குழாய் மாதிரியேதான்!"

முதல் வரிசை

நான்கு வரிசை முடிவதற்குள் தலைமை விருந்தினர் வந்துவிட்டார், வாழ்நாளில் முதல்முறையாக நேரத்துக்கு. அவருடைய நாற்காலியிலும் ஒரு தாள். அதன்மேல் உட்கார்ந்தார். பிரார்த்தனை தொடங்கியது. பெஞ்சமின் சார் மூன்றாவது. முதலாமவர் முடித்தார், இரண்டாமவரும் முடிக்கப்போகிறார். மேடை ஓரத்திலிருந்து பெஞ்சமின் சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேடைக்கு வந்து வாய் திறக்காமல் நின்றால், நாளை முதல் அந்த மேஜையில் நான் இல்லை. என்னிடம் நூறு தாள்கூடச் சேரவில்லை.

எதுவும் யோசிக்காமல் முதல் வரிசைக்குப் போய்க் குனிந்து, "சாஹேப், ஒரு நிமிஷம் எழுந்திருக்க முடியுமா?" என்றேன். அவர் பாதுகாவலர் என்னை முறைத்தார். விருந்தினர் ஏன் என்று கேட்காமல் எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்து நகராட்சித் தலைவர் எழுந்தார், அதிகாரிகள் எழுந்தார்கள், பின்னால் மண்டபம் முழுவதும் தடதடவென்று எழுந்தது. அரசு விழாவில் பெரியவர் நிற்கும்போது யார் உட்கார்ந்திருப்பார்கள்? முந்நூறு நாற்காலியும் காலி. நாங்கள் மூன்று பேரும் முதுகுகளுக்குப் பின்னால் புகுந்து, கையிலிருந்ததையும் கேட்டு வாங்கிக்கொண்டு, வாரினோம்.

பெஞ்சமின் சார் மைக் முன்னால் வந்து கண்களை மூடாமல் நின்றார். இரண்டு நிமிட மௌனம் அவர்கள் சடங்கு என்று எல்லோரும் நினைத்துத் தலைகுனிந்து நின்றார்கள். கடைசி வரிசையிலிருந்து நான் கையை உயர்த்தினேன். அவர் ஓதத் தொடங்கினார். தாள் கட்டோடு முன்னால் வந்தபோது விருந்தினர் தலையைத் திருப்பாமல் கேட்டார், இன்னும் எவ்வளவு நேரம் என்று. "இது முடியறவரைக்கும், சாஹேப்."

"பரவாயில்ல. உட்கார்ந்திருந்தா தூங்கியிருப்பேன்."

அறிக்கை

மறுநாள் மானசி மேடம் சிரித்த முகத்தோடு கூப்பிட்டார். யூதப் பிரார்த்தனைக்கு மண்டபமே எழுந்து நின்றது நகராட்சிக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டதாம். "யார் யோசனை? உன்னோடதுதானே? கன்ஃபர்மேஷன் குறிப்புல எழுதப்போறேன்." ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தாளை அச்சடித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்தார். வேலை போகவில்லை, சோதனைக் காலம் இன்னும் மூன்று மாதம் நீண்டது.

"அடுத்த தடவை உண்மையை முன்னாடியே சொல்லு. நான் சந்தோஷப்பட்டதுக்கு அப்புறம் சொல்லாதே."

பெட்டி

தாள்களைப் பெஞ்சமின் சார் ஒரு துணிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். கிழிந்த பழைய பிரார்த்தனைப் புத்தகங்களோடு சேர்த்துக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரோ என்று எனக்குச் சந்தேகம். போன மாதம் அந்தத் தோட்டத்துக்கே போய்க் கேட்டேன். காவலாளி கூட்டிக்கொண்டு போய், வேலி ஓரத்தில் புதிதாக மூடிய மண்ணைக் காட்டினார். அட்டைப்பெட்டியை இறக்கும்போது தானும் ஒரு கை பிடித்ததாகச் சொன்னார்.

இந்த வேலையில் நான் செய்த தவறுகளில் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது அது ஒன்றுதான்.