மெட்ராஸ் போகாமல் இருப்பதற்காக ஒரு மெட்ராஸ் பயணம்

சுற்றிப் பார்த்த ஊர்களையே எழுதுகிறாயே, யாருக்காவது உபயோகமாக எழுதக் கூடாதா என்று என் மகள் கேட்டுவிட்டாள். ஆகவே இந்த முறை கோயிலும் இல்லை, கடற்கரையும் இல்லை. எழுபதுகளின் நடுவில், ஒரு வைகாசியில், என் அண்ணன் முனுசாமியை ஆரம்பாக்கத்திலிருந்து மெட்ராஸ் மனநல மருத்துவமனைக்கு அழைத்துப்போன கதை. மாத்திரைக்காக மாதாமாதம் அலைகிறவர்கள் படியுங்கள்.

அண்ணனுக்கு மூன்று ஏக்கர் நெல். நான் கும்மிடிப்பூண்டியில் டீச்சர். யாரோ காதில் பேசுவதாக அண்ணன் பயந்து தூக்கமே இல்லாமல் கிடந்து, பிறகு மாத்திரையால் தேறி, இரண்டு வருடமாக நன்றாகத்தான் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். மாதம் ஒரு நாள் மெட்ராஸ், அவ்வளவுதான் தொல்லை.

அந்தச் சித்திரையில் அவருடைய பையனுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பதை நிறுத்தினார்கள். அம்மை கண்ட வீட்டில் மருந்து தொடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணி அதைப் பையனோடு விடவில்லை. அண்ணனின் மாத்திரையையும் எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். அம்மை வீட்டுக்கு வெளியாட்கள் போகக்கூடாது என்று நானும் எட்டிப் பார்க்கவில்லை. அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றி, பெரியபாளையம் போய் வேண்டுதல் முடித்துத் திரும்பிய மறுநாள், பக்கத்து ஸ்டேஷன் தடா தாண்டித் தண்டவாளத்தின் மேல் நடந்துகொண்டிருந்த அண்ணனைக் கேட்மேன் பிடித்து உட்காரவைத்திருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் அண்ணியைக் கண்டபடி பேசிவிட்டேன். அவர் அழவில்லை. "ஆத்தா ஊட்ல இருக்கசொல்ல மாத்திர குடுத்தா கோச்சிக்குவாளோன்னு பயந்துட்டேன் சரசா. அவருதான் நல்லா கீறாரேன்னு நெனச்சேன்," என்றார்.

காலை 5.40 பாசஞ்சரில் போவதாகத் திட்டம். வண்டியைப் பார்த்ததும் அண்ணன் பிளாட்பாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இஞ்சின் சத்தம் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்றார். வண்டி போய்விட்டது. அடுத்த வண்டி 7.50க்கு. அதில் போர்ட்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகப் பிடித்து ஏற்றினோம். சென்ட்ரல் ஐம்பத்தேழு கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம், டிக்கெட் ஆளுக்கு ஒன்றரை ரூபாய். கும்மிடிப்பூண்டியில் ஏறிய கூட்டத்தில் அண்ணன் நடுங்கி சீட்டுக்கடியில் புகுந்துகொண்டார். நான் கொண்டுபோன நாஷ்டாவைப் பிரிக்கவே இல்லை. அவர் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தேறியிருக்கும்போது இவரால் மெட்ராஸ் போக முடியும், ஆனால் அப்போது அவசரம் இல்லை. அவசரம் வரும்போது இவரால் ரயில் ஏறவே முடியாது. இப்படியே விட்டால் அடுத்த முறை கேட்மேன் பார்க்காமல் போகலாம்.

சென்ட்ரலிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். பதினொரு மணிக்குச் சீட்டு கொடுப்பதை நிறுத்துவார்கள், பத்து ஐம்பதுக்குப் போய் நின்றோம். டாக்டர் ஊசி போட்டு, மாத்திரை எழுதினார். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கடிதம் வேண்டும், மாத்திரையை அங்கேயே வாங்கிக்கொள்கிறோம் என்றேன். அங்கே கொடுப்பார்களா என்று அவர் சந்தேகமாகக் கேட்டார். கொடுக்க வைப்பது என் பொறுப்பு என்றேன். என்ன மருந்து, எவ்வளவு, எந்த அறிகுறி வந்தால் என்ன செய்வது, எப்போது மெட்ராஸ் அனுப்புவது என்று ஒன்றரைப் பக்கம் பொறுமையாக எழுதிக் கொடுத்தார்.

பதினைந்து நாளில் அண்ணன் தூங்க ஆரம்பித்தார். கடிதத்தை எடுத்துக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு இரண்டு மைல் நடந்து சுகாதார நிலையம் போனேன். அங்கிருந்தவர் இளம் டாக்டர். காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி பார்க்கிற இடம் இது, இந்த வைத்தியத்தில் எனக்குப் பழக்கமில்லை என்று கடிதத்தை மடித்து நீட்டினார். நான் வாங்கவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பேசினார்.

"எனுக்கு ஒடம்பு கெடப்போவுதுன்னா மொதல்ல தூக்கம் போயிடும் டாக்டர். அது எனுக்கே தெரியும். ரெண்டு நாள் தூங்கலன்னா நானே நடந்துகினு இங்க வந்துடுவேன். மெட்ராசுக்குத்தான் என்னால போவமுடியாது, அப்போ ரயிலே என்னப் பேர் சொல்லிக் கூப்புடுது."

டாக்டர் கடிதத்தைப் பிரித்து முதலிலிருந்து படித்தார். அடுத்த மாதத்துக்குள் மெட்ராஸுக்கு எழுதி மாத்திரையை வரவழைத்தார். புரியாததைக் கடிதம் கொடுத்த டாக்டருக்கே எழுதிக் கேட்டார். வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் நாங்கள் மெட்ராஸ் போனால் போதும் என்றானது.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரையோடு கடிதமும் கேட்டு வாங்குங்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் முதல் தடவை முடியாது என்று சொன்னால் அங்கேயே உட்காருங்கள். விரதமோ வேண்டுதலோ, வீட்டில் அம்மையே வந்தாலும் சரி, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மறுவருடம் ஐப்பசியில், நல்ல மழையில், சுகாதார நிலையத்துக் கம்பவுண்டர் சைக்கிளில் என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பாடத்தை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"பயப்படாதீங்க டீச்சர். உங்கண்ணன் ஆஸ்பத்திரி கதவத் தெறக்கறதுக்கு முன்னாடியே வந்து குந்திகினு இருந்தாரு. ரெண்டு நாளா தூக்கம் இல்லியாம். டாக்டர் ஊசி போட்டுட்டாரு. உங்களுக்குச் சொல்லிட்டு வரச் சொன்னாரு, அதான்."

யார் கூட வந்தார்கள் என்று கேட்டேன். யாரும் வரவில்லை, தனியாகத்தான் நடந்து வந்தார் என்றார்.