பல் டாக்டர் வண்டியை நிறுத்தின இடம்

எங்க வீட்டுக்காரர் கார் ரேஸ்ல பலகை பிடிக்கிறவர். ரேஸ் நடுவுல டயர் மாத்த வண்டி உள்ள வந்தா, அதோட மூஞ்சிக்கு நேரா "நில்"னு எழுதின பலகையைக் காட்டுவார். பணக்கார டீமுக்கெல்லாம் இதுக்கு விளக்கு வந்தாச்சு. எங்க டீமுக்கு இன்னும் இவர்தான்.

எந்த டயரை எந்தச் சுத்துல மாத்தலாம், எதை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம்னு முடிவு பண்றதும் அவரேதான். அந்தப் புத்தி வீடு வரைக்கும் வரும். செருப்பு ஒரே பக்கமா தேயக்கூடாதாம், வாராவாரம் இடதை வலதுலயும் வலதை இடதுலயும் போட்டுக்கிட்டுக் கடைக்குக் கிளம்பிடுவார். கல்யாணமான புதுசுல அழுதிருக்கேன். இப்பெல்லாம் தள்ளி நடக்கறதோட சரி.

எங்க பொண்ணு ஒரு பையனை விரும்பினா. பையனோட அப்பா பல் டாக்டர். "பலகையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதெல்லாம் ஒரு வேலையா?"ன்னு கேட்டாராம். அப்பா சம்மதிக்காம கல்யாணம் இல்லைன்னு பையன் கையை விரிச்சுட்டான். பொண்ணு சோத்துல கை வைக்காம உக்கார்ந்துட்டா. பேசற வாயை மூடிக்கிட்டு ஒரு தடவை நேர்ல வந்து பார்க்கட்டும்னு நான்தான் சொல்லியனுப்பினேன். வாயை மூடிக்கிட்டுங்கிறதைப் பொண்ணு விட்டுட்டுச் சொல்லியிருப்பா.

டாக்டர் வந்தார். டீம் ஷெட்ல டயர் மாத்தற ஒத்திகை நேரம். நானும் பொண்ணும் டீயோட காத்திருந்தோம். கொளுத்தற வெயில், நிழல் இருந்தது ஒரே இடத்துல, தரையில மஞ்சள் கோடு போட்ட கட்டத்துல. மனுஷன் ஒழுங்குக்குப் பேர்போனவர். கோட்டுக்குள்ள காரைக் கச்சிதமா கொண்டுவந்து நிறுத்தினார்.

அந்தக் கட்டத்துல வண்டி நின்னா எங்க டீம் பசங்களுக்குக் கை முதல்ல போகும், மூளை பின்னாடி மெதுவா வரும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வண்டி ஜாக்கி மேல ஏறிடுச்சு, நாலு சக்கரமும் காணோம். இவர் பலகையோட கண்ணாடி முன்னாடி நிக்கறார். ரேஸ் டயரைத் தூக்கி மாட்டப் பார்த்தாங்க, அது உள்ளயே போகலை. அப்பத்தான் எல்லாருக்கும் மூளை வந்து சேர்ந்துது.

சரி, பழசையே மாட்டுங்கடான்னேன். எங்க மாட்டறது? கழட்டின சக்கரம் கையில வந்தா ரப்பரை உரிச்சுத்தான் பழக்கம் எங்க டயர்காரருக்கு. நாலையும் உரிச்சுட்டார். உரிச்சதும் இல்லாம, இந்த மொட்டை டயரைக் கொன்னாலும் திரும்ப மாட்ட மாட்டேன்னு வேற சொல்லிட்டார். புது டயருக்குக் கடைக்கு ஆள் ஓடுச்சு.

டாக்டரை இறங்கி வரச் சொன்னேன். பலகையில நில்லுன்னுதானே போட்டிருக்குன்னு ஸ்டியரிங்கைப் பிடிச்சபடியே உக்கார்ந்திருந்தார். இவரைப் பலகையை எடுக்கச் சொன்னேன். நாலு சக்கரத்துக்காரங்களும் மாட்டி முடிச்சுக் கையைத் தூக்கினாத்தான் எடுப்பாராம். ரெண்டும் கண்ணாடி வழியா ஒண்ணையொண்ணு முறைச்சுக்கிட்டு இருந்துதுங்க. போச்சு, எல்லாம் போச்சுன்னு நான் தலையில கை வெச்சு உக்கார்ந்துட்டேன்.

பொண்ணு டீயை எடுத்துக்கிட்டு மறுபக்கத்துக் கதவைத் திறந்து ஏறினா. உள்ள என்ன பேசினாங்களோ தெரியாது. கொஞ்ச நேரத்துல அவ வாயைப் பொளந்தா, அவர் போன் விளக்கை அடிச்சு உள்ள எட்டிப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"சம்பந்தியம்மா, கடைவாய்ல ஒரு பல்லு சொத்தை. கல்யாணத்துக்கு முன்னாடி அடைச்சுடணும். இப்பவே கிளினிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சம்பந்தியம்மாங்கிற வார்த்தையைக் கேட்டதும் உக்கார்ந்திருந்தவ எந்திரிச்சுட்டேன். சொத்தைப் பல்லுக்குச் சந்தோஷப்பட்ட ஒரே அம்மா நானாத்தான் இருப்பேன்.

டயர் வந்துது. பூட்டினாங்க. வண்டி இறங்குச்சு, நாலு கையும் மேல போச்சு, டாக்டர் இஞ்சினைப் போட்டார். பலகை மட்டும் நகரலை. எல்லாரும் இவரையே பார்க்கறாங்க. இத்தனை வருஷத்துல ஒரு வண்டியை ஒரு நொடி கூடுதலா நிறுத்தாத மனுஷன்.

கிட்டப் போய், என்னங்க, தூங்கிட்டீங்களான்னு கேட்டேன்.

"உள்ள நம்ம பொண்ணு இருக்காடி"ன்னார்.

அவ தலையை வெளிய நீட்டி, பல்லை அடைச்சுட்டு சாயங்காலமே வந்துடுவேன்ப்பான்னு சொன்னா. டாக்டர் ஹாரன் அடிக்கலை. பசங்க தூக்கின கையை இறக்கலை. பலகையைப் பிடுங்கலாம்னுதான் கையை நீட்டினேன், ஆனா நானும் அவரோட சேர்ந்து அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்.