எங்கள் குழாயில் அடைத்த மணல் மூட்டை

அன்றைக்கு இருந்தவர்கள்: நான், என் மனைவி, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா, பிரசவத்துக்கு வந்திருந்த அவருடைய மகள், அவளுடைய பச்சைக் குழந்தை.

2008 கார்த்திகை. சிதம்பரத்தில் விடாத மழை. பாதாளச் சாக்கடை நிரம்பி, கக்கூஸ் வழியாக வீடுகளுக்குள் ஏறியது. நான் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். வீடு அசுத்தமாகக் கூடாது என்று எங்கள் கக்கூஸ் குழாயின் வாயில் மணல் மூட்டையை அடைத்தேன். இரண்டு வீட்டுக்கும் சாக்கடைத் தொட்டி ஒன்றுதான். எங்களுக்கு வர வேண்டியதும் சேர்ந்து அக்கா வீட்டில் ஏறியது. தெரிந்தும் மூட்டையை எடுக்கவில்லை.

அக்கா வாசலுக்கு வந்தார்.

"சாமி, உங்க வூட்ல ஏறலியா?"

"எங்க வூடு மேடுக்கா."

"சாமி வூடுன்னா சாக்கடைக்கும் பயந்தான்" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "தாயும் புள்ளையும் ரெண்டு நாளு இங்க இருக்கட்டுமா?"

"மாலை போட்டுருக்கேன். தீட்டுக்கா."

"ஆமால்ல. மறந்துட்டேன் சாமி."

மூன்று நாள் அவர்கள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டது.

நான் மலைக்குப் போய்வந்தேன். பிரசாதம் கொடுத்தபோது அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்போதும் மூட்டையைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அந்தக் குழந்தை உயிரோடு இருந்தது பதினாறு நாள்.