நாலு வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு

பச்சைக் கம்பியில் ஒரு கொக்கி, வெள்ளைக் கம்பியில் ஒரு கொக்கி. மாட்டியதும் பேபி இரண்டையும் லேசாக இழுத்துப் பார்ப்பார். பிறகு மடிக்கணினித் திரைக்கு அரை அடி தூரத்தில் மூக்கைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, "இப்ப அமுக்கு சார்" என்பார். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் அமுக்குவது பெரும்பாலும் நான்தான்.

சர்க்யூட் போர்டு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்தவர். அது மூடியதும் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டின் முன்னறையில் பழுது பார்க்க உட்கார்ந்தார். தயாரித்த கம்பெனியே கைவிட்ட கருவிகள்தான் அவரிடம் அதிகம் வரும். கருவியும் கணினியும் யூஎஸ்பி வயரில் பேசிக்கொள்வதை ஒட்டுக் கேட்டு, அந்தப் பேச்சைப் புதிய கணினிக்குக் கற்றுக்கொடுப்பார். ஒட்டுக் கேட்பது, அந்தக் கொக்கிகள் போய்ச் சேரும், தீப்பெட்டி அளவில் ஒரு லாஜிக் அனலைசர். வயரில் மின்சாரம் ஏறி இறங்குவதைத் திரையில் மதில் மதிலாக வரைந்து, எண்ணாகவும் மாற்றிக் காட்டும். எண் புரியாவிட்டால் பேபி பூண்டு உரிக்க ஆரம்பித்துவிடுவார். "கை சும்மா இருந்தா மண்டை ஓடாது சார்."

போன மாதம் ஒரு பலகை வந்தது. பதினாறு பட்டன்கள், மேலே படங்கள். பக்கவாதத்தில் பேச்சை இழந்த சேலையூர் சுப்பராயலுவுடையது. தண்ணீர்ப் படத்தை அவர் அமுக்கினால் கணினி, "தண்ணி வேணும்" என்று சொல்லும். அந்தப் பழைய கணினி இப்போது பத்து நிமிடத்தில் சூடேறி அணைந்துவிடுகிறது. புதியதில் பழைய மென்பொருள் ஏறவில்லை.

"சீக்கிரம் குடுத்துடு பேபி. இது இல்லாம அவருக்கு வாயே இல்ல" என்றார் அவர் மனைவி சாமுண்டீஸ்வரி.

பட்டனுக்குப் பட்டன் எண் இரட்டிப்பாகும்: ஒன்று, இரண்டு, தண்ணீருக்கு நாலு. அதை ஒட்டியிருந்த 'வலி' பட்டனுக்கு எட்டு. ஐம்பது முறை தண்ணீரை அமுக்கினேன். ஐம்பது முறையும் நாலு. பேபி புதிய மென்பொருள் எழுதி, சேலையூருக்கு எடுத்துப் போனார். நானும் போனேன். சுப்பராயலு தண்ணீரை அமுக்கினார். கணினி வாய் திறக்கவில்லை. திரையில் பன்னிரண்டு.

பன்னிரண்டு என்று பட்டனே கிடையாது.

"என் வூட்ல நாலு, இங்க பன்னெண்டு. இன்னா பேஜாரு இது?"

வயரை மாற்றினார். கொக்கியை மாற்றினார். வீட்டுக்கு எடுத்து வந்தால் நாலு, சேலையூரில் பன்னிரண்டு. மூன்று நாள் ஸ்கூட்டியில் போக வர இருந்தார். இரண்டு கிலோ பூண்டு உரிந்தது.

"சார், சேலையூர் கரண்ட்டும் நம்ம கரண்ட்டும் வேற வேறயா கீதா?" என்று ஒரு மாலை கேட்டார். இருந்தாலும் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

நான்காம் நாள் திரையை என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டு, சுப்பராயலுவின் கையருகே குனிந்தார். விரல் தண்ணீரில் விழுந்தது. விறைத்த கை அங்கே நிற்காமல் சரிந்து, பக்கத்திலிருந்த வலியின் மேலும் ஏறியது.

"நாலும் எட்டும் பன்னெண்டு சார்! ரெண்டையும் சேத்து அமுக்குறாரு! முதல்ல நாலு வந்துச்சா, பாருங்க!"

திரையை மேலே தள்ளி முந்தைய வரியைப் பார்த்தேன். வந்திருந்தது. முதலில் தொட்டதைத்தான் பழைய மென்பொருள் கணக்கில் எடுத்திருக்கிறது. பேபியும், பேபி எழுதிய மென்பொருளும் கடைசி வரியை மட்டுமே படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கால் மணி நேரத்தில் திருத்தினார். "தண்ணி வேணும்" என்றது கணினி. சாமுண்டீஸ்வரி சமையலறைக்கு ஓடினார். சுப்பராயலு டம்ளரை முழுக்கக் குடித்தார். பிறகு கடைசி வரிசையின் கோடியிலிருந்த பட்டனை அமுக்கினார். அதில் படமே இல்லை. எண் சரியாக வந்தது, முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். சொல்தான் இல்லை.

"அது காலி பட்டன் பேபி. அதுக்கு எதுவும் வைக்கலியே" என்றார் சாமுண்டீஸ்வரி.

சுப்பராயலு பேபியைப் பார்த்தபடி மறுபடி அமுக்கினார். இன்னொரு முறையும்.

"இன்னா சொல்றீங்கண்ணா?"

மறுபடி அதே பட்டன்.

பேபி மடிக்கணினியை மூடினார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தார். "இதுல இன்னா வைக்கணும்னு ஒண்ணொண்ணா கேக்குறேன், தலையாட்டுங்கண்ணா."