ஏழாவது சேனல்

என் அண்ணிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். பாடகர்களுக்குப் பின்னணி இசை போட்டுத் தருவது அவர் தொழில். மாடி அறையில் ஒரு அரேஞ்சர் கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டு, தனி ஆளாக ஒரு குழுவையே வாசித்துவிடுவார். சுருதி தப்பினால் எவ்வளவு பெரிய பாடகரையும் கடித்துக் குதறிவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் மத்தியானம் என்னை மாடிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடாத. எனக்குக் காது போயிட்டிருக்கு."

அண்ணியின் அம்மாவுக்கு இதே வயதில்தான் காது கேட்காமல் போனது. எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பாத முதுகைப் பார்த்து வளர்ந்தவர் அண்ணி.

"ஒரு கட்டையை அழுத்துனா ரெண்டு தடவை கேக்குது. ஒரு மாசமா இப்படித்தான்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா ஆமான்னு சொல்லிடுவாரே!"

நானே ஒரு கட்டையை அழுத்தினேன். எனக்கும் இரண்டு தடவை கேட்டது! புதுக் கம்ப்யூட்டர் வந்தும் ஒரு மாதம்தான் ஆகிறது என்று அப்போதுதான் உறைத்தது. அழுத்தியதும் கீபோர்டு தானே ஒலிக்கிறது. அதே தகவல் கம்ப்யூட்டருக்குப் போய், வயர் சொருகியிருக்கும் அதே போர்ட் வழியாகத் திரும்பி வந்து கீபோர்டை மறுபடி ஒலிக்க வைக்கிறது. வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும் வசதியை மட்டும் கம்ப்யூட்டரில் அணைத்தேன்.

"இப்ப அழுத்துங்க."

ஒரே ஒரு ஸ்வரம். இன்னொன்று, அதுவும் ஒன்றுதான். அண்ணி தன் தலையில் தானே குட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார்.

"பாடகருங்க காதுக்கு இது போகக்கூடாது அண்ணி. பழி தீர்த்துடுவாங்க" என்றேன். போன உயிர் எனக்கும் திரும்பியிருந்தது.

வேறெதையும் கெடுத்துவிடவில்லையே என்று பார்க்க, இரண்டு வருடத்துக்கு முன் அவர் போட்ட பாட்டு ஒன்றை ஓடவிட்டேன். ஒரே வயரில் பதினாறு சேனல். வகுப்பில் ஆஜர் எடுப்பது போல, தன் எண்ணைக் கூப்பிட்டால்தான் ஒவ்வொரு வாத்தியமும் வாய் திறக்கும். டிரம்ஸ் வந்தது, வயலின் வந்தது. அண்ணி தலையாட்டிக்கொண்டே கேட்டவர், சட்டென்று முகம் சுளித்தார்.

"சின்ன மணி எங்க? ஏழாவது சேனல்ல வச்சிருந்தேனே. போர்ட்டை மாத்தி விட்டுட்டியா?"

திரையில் ஏழாவது சேனலின் விளக்கு துள்ளிக்கொண்டிருந்தது. மணி அறை முழுக்கக் கிணுகிணுத்தது.

"என்ன தம்பி முழிக்கிற? வயரைப் பாரு."

"பாக்கறேன் அண்ணி."

மேசைக்கு அடியில் குனிந்து, ஒழுங்காகச் சொருகியிருந்த வயரையே பிடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து அவருக்கு என் முகத்தைக் காட்டப் பயமாக இருந்தது.